ஊதா நிறம் எதற்குச் சாட்சி? புரதச் சோதனைகளின் பின்னணி

முட்டையின் வெண்கருவைச் சிறிதளவு எடுத்து நீரில் கலந்து, அதனுடன் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, பின்னர் நீர்த்த காப்பர் சல்பேட் கரைசலை இரண்டு மூன்று துளிகள் விட்டால், சோதனைக் குழாயில் ஊதா நிறம் படர்வதைக் காணலாம். சர்க்கரைக் கரைசலில் இதையே செய்தால் நீலம் நீலமாகவே நிற்கும். இந்தச் சோதனையைச் செய்து பார்த்த மாணவர் தம் பதிவேட்டில் ‘வெண்கருவில் புரதம் உள்ளது, சர்க்கரையில் இல்லை’ என்று எழுதுவார். எழுதியதில் பிழை இல்லை. ஆயினும் குழாயில் நடந்த வினைக்கும் ஏட்டில் எழுதப்பட்ட முடிவுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. காப்பர் அயனி கண்டுகொண்டது குறிப்பிட்ட முறையில் அடுத்தடுத்து அமைந்த சில நைட்ரஜன் அணுக்களைத்தான். அங்கிருந்து ‘புரதம்’ என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தவர் சோதனை செய்தவர். அன்றாடப் பொருள்களில் புரதம் இருக்கிறதா என்று அறியப் பயன்படும் ஒவ்வொரு முறையிலும் இந்த இடைவெளி வெவ்வேறு அகலத்தில் இருக்கிறது. அதை அளந்து வைத்துக்கொள்ளாதவர் பொதுவாகச் சரியான விடைகளையே பெறுவார். தவறும்போது மட்டும் ஏன் தவறியது என்று அவருக்கு விளங்காது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. உயிரிகள் இந்தக் கோவைக்கு முதன்மையாக 20 வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்றையொன்று இணைக்கும் கண்ணிக்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். எந்தப் புரதமானாலும் இந்த முதுகெலும்பு ஒன்றே. வேறுபடுவது அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் தொகுதிகள். சிலவற்றில் பென்சீன் வளையம் இருக்கும், சிலவற்றில் கந்தகம் இருக்கும், சில மின்சுமை ஏற்றவை. முழுச் சங்கிலியும் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும். சூடோ அமிலமோ பட்டால் அந்த மடிப்பு குலையும், பெரும்பாலான புரதங்கள் அப்போது திரண்டு வீழ்படிவாகும். ஆக, ஒரு சோதனை பற்றிக்கொள்ளக்கூடிய பிடிகள் பல: முதுகெலும்பு, பக்கத் தொகுதி, மடிப்பு, அல்லது வெறும் நைட்ரஜன் அணு. எந்தச் சோதனை எந்தப் பிடியைப் பற்றுகிறது என்பதுதான் அதன் வலிமை, அதுவே அதன் குறை.

முதலில் சொன்ன ஊதா நிறச் சோதனைக்குப் பையூரெட் சோதனை என்று பெயர். பெயரைக் கேட்டுப் பலர் அதற்கான வினைப்பொருளில், அதாவது சோதனைக்காகச் சேர்க்கும் கரைசலில், பையூரெட் என்னும் சேர்மம் கலந்திருப்பதாக எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. யூரியாவை அதன் உருகுநிலைக்கு மேல் சூடாக்கினால் அம்மோனியா வெளியேற, இரண்டு யூரியா மூலக்கூறுகள் ஒன்றிணைந்து உருவாவது பையூரெட். அந்தச் சேர்மமும் காரக் கரைசலில் காப்பருடன் இதே ஊதா நிறத்தைத் தருவதால் சோதனைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதாவது, புரதத்தைக் காட்டும் புகழ்பெற்ற சோதனையின் பெயரே, புரதம் அல்லாத ஒன்றும் அதில் நிறம் தரும் என்ற எச்சரிக்கையைச் சுமந்துகொண்டிருக்கிறது. வெண்கருவில் இந்த நிறத்தை 1833-இல் ஃபெர்டினாண்ட் ரோஸ் கவனித்தார். 1857-இல் பியோத்ரோவ்ஸ்கி தனியாக அதைக் கண்டறிந்தார். புரதத்தின் அமைப்பு பற்றித் தெளிவு பிறக்காத காலம் அது.

இந்த நிறம் வெறும் அடையாளமாக நின்றுவிடவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. 1902 செப்டம்பரில் கார்ல்ஸ்பாடு நகரில் நடந்த ஜெர்மானிய அறிவியலாளர் மாநாட்டில் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் காலையிலும் எமில் ஃபிஷர் சில மணி நேரம் கழித்தும், ஒருவரையொருவர் சாராமல், புரதங்கள் அமினோ அமிலங்கள் ஒரே வகைப் பிணைப்பால் இணைந்து உருவானவை என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஹோஃப்மைஸ்டர் தம் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட சான்றுகளில் பையூரெட் வினையும் ஒன்று. எத்தனையோ வகைப் புரதங்கள் எல்லாமே இந்த வினையில் நிறம் தருகின்றன என்றால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இணைப்பு இருந்தாக வேண்டும் என்பது அந்த வாதத்தின் அடிப்படை. பதிவேட்டில் ஒரு வரியாக முடிந்துபோகும் ஊதா நிறம், பெப்டைடு பிணைப்பைக் கண்டறிய உதவிய தடயங்களில் ஒன்று.

வினை நிகழும் விதம் எளியது. காரம் பெப்டைடு பிணைப்பின் நைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜனை விலக்க, காப்பர் அயனியை நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அவ்வாறு உருவாகும் அணைவுச் சேர்மம் ஏறத்தாழ 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை உட்கவர்வதால் எஞ்சிய ஒளி கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது. இதற்குக் குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்புகள் வேண்டும். ஆகவே மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டு நிறம் தரும்; இரண்டு மட்டும் சேர்ந்தது தராது; தனித்த அமினோ அமிலங்களும், ஹிஸ்டிடின் போன்ற ஒரு விதிவிலக்கைத் தவிர, தருவதில்லை. செரிமான நொதிகளால் வெட்டப்பட்ட சிறு துண்டுகள் ஊதாவைக் காட்டிலும் இளஞ்சிவப்பின் பக்கம் சாய்ந்த நிறத்தைத் தரும். இதைக் கவனித்துப் பழகிய கண், புரதம் முழுமையாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும்.

செய்முறையில் தோல்வி பெரும்பாலும் காப்பரின் அளவில்தான் நேர்கிறது. காப்பர் சல்பேட் தானே நீலம். அதைத் தாராளமாக ஊற்றினால், வெளிறிய ஊதா அந்த நீலத்துக்குள் மறைந்துபோகும். புரதம் இருந்தும் ‘இல்லை’ என்று எழுத நேரும். அதனால்தான் ஒரு விழுக்காட்டுக் கரைசலைத் துளித்துளியாக விடுமாறு கையேடுகள் சொல்கின்றன. மிகுதியான காப்பர் காரத்துடன் சேர்ந்து நீல நிற ஹைட்ராக்சைடாகப் படியும். அதைத் தடுப்பதற்காக ஆயத்த வினைப்பொருளில் சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட் சேர்க்கப்படுகிறது. குழாயைச் சூடாக்குவது இன்னொரு பொதுவான தவறு. குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரை அந்தப் பொருளில் இருந்தால், காரமும் காப்பரும் வெப்பமும் சேர்ந்து செங்கல் நிற வீழ்படிவைத் தந்துவிடும். அது சர்க்கரைக்கான சோதனை, புரதத்துக்கானது அன்று. அம்மோனியம் உப்புகள் இருந்தாலும் சிக்கல்தான், ஏனெனில் அம்மோனியாவும் காப்பரைப் பற்றிக்கொண்டு அடர்நீல அணைவை உருவாக்கும்.

இனி, பொருள்களைப் பார்ப்போம். வெண்கரு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதமும் எஞ்சியது பெரும்பாலும் நீரும் என்பதால், எந்தச் சோதனைக்கும் அதுவே நல்ல தொடக்கம். பாலில் புரதம் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிறம் தெளிவாகவே வரும் என்றாலும், பாலின் வெண்மை அதை இளம் ஊதாவாக மங்கச் செய்கிறது. நீர்த்துப் பார்த்தால் மேலும் மங்கும், நீர்க்காமல் பார்த்தால் வெண்மை மறைக்கும். இதற்கு ஒரே வழி, அதே அளவு பாலை வினைப்பொருள் இல்லாமல் பக்கத்துக் குழாயில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுவது. அவரை இனப் பருப்புகளையும் சோயாவையும் அரைத்து நீரில் ஊறவைத்து வடித்தால் தெளிந்த சாற்றிலேயே நிறம் கிடைக்கும். கோதுமை மாவின் கதை வேறு. அதன் புரதத்தில் பெரும்பங்கு நீரில் கரைவதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த பெக்காரி, மாவைப் பிசைந்து நீரோட்டத்தில் கழுவிக் கழுவி, மாவுச்சத்து முழுதும் வெளியேறிய பின் கையில் எஞ்சிய ஒட்டும் பொருளைத் தனியே எடுத்துக் காட்டினார். இன்று நாம் குளூட்டன் என்று சொல்வது அது. மாவை நீரில் கலக்கித் தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதிப்பவர், முக்கியமான பகுதியைக் குழாயின் அடியில் விட்டுவிட்டு எஞ்சியதைச் சோதிக்கிறார். குளூட்டன் நீர்த்த காரத்தில் ஓரளவு கரையும் என்பதால், மாவுக் கலவையைக் காரத்தோடு சற்று நேரம் வைத்திருந்த பின் காப்பரைச் சேர்ப்பது நல்லது.

மயிர், நகம், கம்பளி ஆகியவை கெரட்டின் என்னும் புரதத்தாலேயே ஆனவை. ஆயினும் இவற்றைப் பையூரெட் வினைப்பொருளில் போட்டால் கரைசலில் ஊதா நிறம் பரவுவதில்லை. கெரட்டினின் சங்கிலிகளைக் கந்தகப் பாலங்கள் இறுகப் பிணைத்திருக்கின்றன. கரையாத பொருளிடம் காப்பர் அயனி நெருங்க முடிவதில்லை. உருளைக்கிழங்கு இதற்கு எதிர்முனை. கரையும் புரதம் அதில் உண்டு, ஆனால் மொத்தம் இரண்டு விழுக்காட்டு அளவே. அரைத்து, நீர் சேர்த்து, வடிகட்டிய பின் எஞ்சும் செறிவு கண்ணுக்குப் புலப்படும் எல்லையின் அருகே வந்துவிடுகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராமுக்குக் கீழே போனால் வெறுங்கண்ணால் ஊதாவைப் பிரித்தறிவது கடினம். கரையாமை, செறிவின்மை ஆகிய இரு காரணங்களும் ஏட்டில் ஒரே சொல்லாக, ‘இல்லை’ என்று, பதிவாவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பக்கத் தொகுதிகளைப் பற்றிக்கொள்ளும் சோதனைகள் வேறு வகையின. அடர் நைட்ரிக் அமிலம் பட்டதும் மஞ்சளாகி, காரம் சேர்த்ததும் ஆரஞ்சு நிறம் பெறுவது சாந்தோபுரோட்டீக் சோதனை. டைரோசின், டிரிப்டோபேன் ஆகிய அமினோ அமிலங்களின் பென்சீன் வளையங்களே அதற்குக் காரணம். நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் மஞ்சள் கறை விழுவதும் இதே வினைதான். கரையாத மயிரையும் கம்பளியையும் இது மஞ்சளாக்கும். பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் செய்யும் மில்லன் வினைப்பொருள் 1849-இல் வந்தது. அது டைரோசினின் பீனால் தொகுதியைக் கண்டு சிவக்கிறது. சாலிசிலிக் அமிலம் போன்ற வேறு பீனால்களையும் கண்டு சிவக்கும். பாதரசத்தின் நச்சுத்தன்மையைக் கருதினால், இந்தச் சோதனையை வகுப்பறையில் செய்வதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை. காரத்தில் கொதிக்கவைத்து லெட் அசிட்டேட் சேர்த்தால் கறுப்பாவது சிஸ்டீனின் கந்தகம். மயிரிலும் வெண்கருவிலும் அது நன்றாகத் தெரியும்.

டிரிப்டோபேனுக்கான சோதனை மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது. புரதத்தைத் தூய அசிட்டிக் அமிலத்தில் கலந்து, குழாயின் அடியில் அடர் சல்ஃபியூரிக் அமிலம் தங்குமாறு மெல்ல ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும் என்று 1874-இல் ஆடம்கீவிச் அறிவித்தார். ஆனால் சில புட்டிகளின் அமிலம் நிறம் தந்தது, சில தரவில்லை. ஃபிரடெரிக் கௌலாண்ட் ஹாப்கின்சும் சிட்னி கோலும் இந்த முரணைப் புறக்கணிக்காமல் தேடிப் போய், வினையாற்றியது அசிட்டிக் அமிலமே அன்று, அதில் மாசாகக் கலந்திருந்த கிளையாக்சிலிக் அமிலம் என்று 1901-இல் கண்டார்கள். நிறம் தந்த பொருளைப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சி, அதுவரை தனியாகக் கிடைத்திராத டிரிப்டோபேனில் சென்று முடிந்தது. சோதனை பொய்த்ததை ஒருவர் கருத்தோடு விசாரித்ததால் ஓர் அமினோ அமிலம் கிடைத்தது.

இவை அனைத்தையும் ஒரே பொருளில் செய்து பார்க்க வேண்டுமானால் நான் ஜெலாட்டினைத்தான் பரிந்துரைப்பேன். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனைக் கொதிக்கவைத்துப் பெறப்படும் இது ஐயமற்ற புரதம்; பையூரெட் சோதனையில் நல்ல ஊதா தரும். ஆனால் இதில் டிரிப்டோபேன் இல்லை, டைரோசினும் மிகக் குறைவு. எனவே ஹாப்கின்ஸ்–கோல் வளையம் தோன்றுவதில்லை. மில்லன் சோதனையிலும் நிறம் வெளிறியே இருக்கும். ஒரு சோதனை ‘புரதம்’ என்கிறது, இன்னொன்று ‘இல்லை’ என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. முன்னது முதுகெலும்பைக் கேட்டது, பின்னது ஒரு குறிப்பிட்ட பக்கத் தொகுதியைக் கேட்டது. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபேன் இல்லாததால் ஜெலாட்டினை மட்டும் புரத உணவாக நம்ப முடியாது என்ற சத்துணவுச் செய்தியும் அந்தத் தோன்றாத வளையத்திலேயே அடங்கியிருக்கிறது.

நின்ஹைட்ரின் இன்னொரு திசையில் செல்கிறது. 1910-இல் கேம்பிரிட்ஜில் சீக்ஃபிரீட் ரூஹேமன் கண்டறிந்த இந்தச் சேர்மம், தனித்த அமினோ தொகுதியுடன் சூட்டில் வினைபுரிந்து அடர் ஊதா நிறம் தருகிறது. புரோலினுடன் மட்டும் மஞ்சள். பையூரெட் காணாமல் விடும் தனி அமினோ அமிலங்களை இது கண்டுவிடும். முழுமையாகச் சிதைக்கப்பட்ட புரதச் சாற்றில் பையூரெட் நீலமாகவே நிற்க, நின்ஹைட்ரின் ஊதாவாகும். இதன் நுண்ணுணர்வு அவ்வளவு கூர்மையானது என்பதால், விரல் பட்ட காகிதத்தில் வியர்வை விட்டுச்சென்ற அமினோ அமிலங்களைக் கொண்டு கைரேகையை வெளிப்படுத்த 1954 முதல் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதே கூர்மை சோதனையாளருக்குத் தொல்லையும் தரும். கையுறை இல்லாமல் எடுத்த வடிதாளில் அவருடைய விரல்களே புரதமாகக் காட்சியளிக்கும்.

தொழில் உலகம் நிறத்தைக் காட்டிலும் எண்களையே விரும்பியது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால், மதுவடிப்புக்கான தானியத்தில் புரதத்தை அளக்க 1883-இல் ஒரு முறையை வெளியிட்டார். பொருளை அடர் சல்ஃபியூரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, அதன் நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியம் சல்பேட்டாக மாற்றி, காரம் சேர்த்து அம்மோனியாவாக வடித்தெடுத்து, அதன் அளவைத் தரம்பார்த்தல் வழியாக, அதாவது செறிவு தெரிந்த கரைசலுடன் வினைபுரியச் செய்து, காண்பது அந்த முறை. புரதங்களில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் என்று கொண்டால், கிடைத்த எண்ணை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு வந்துவிடும். பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.7, ஜெலாட்டினுக்கு 5.55 என்று பெருக்கும் எண் பொருளுக்கேற்ப மாறுகிறது. காளானின் செல்சுவரில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், அதற்கு 4.38 என்ற சிறிய எண்ணைப் பயன்படுத்துவது வழக்கம். இல்லையென்றால் காளானின் புரதம் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும்.

இந்த முறை தேடுவது நைட்ரஜனை மட்டுமே. அதைப் புரதம் என்று எடுத்துக்கொள்வது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒருவர் தெரிந்தே ஏமாற்றலாம். மெலமின் என்னும் வெண்ணிறத் தூளில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் அது 400 விழுக்காட்டுக்கு மேல் ‘புரதம்’ கொண்டதாகக் கணக்கு சொல்லும். 2007-இல் வட அமெரிக்காவில் செல்லப்பிராணிகளின் உணவிலும், 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவிலும் அது கலந்திருந்தது தெரியவந்தது. நீர் சேர்த்து விற்ற பாலில் குறைந்துபோன நைட்ரஜன் எண்ணை உயர்த்திக் காட்டவே அது கலக்கப்பட்டது. சீனாவில் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படி ஆறு குழந்தைகள் இறந்தார்கள். சிறுநீரகங்களில் மெலமின் கற்களாகப் படிந்ததே காரணம். இதில் குற்றம் செய்தவர்கள் மனிதர்கள்தான். ஆனால் ‘நைட்ரஜன்’ என்ற விடையைப் ‘புரதம்’ என்று படிக்கும் பழக்கம் அவர்களுக்கு வழி திறந்துவைத்திருந்தது. மெலமினில் பெப்டைடு பிணைப்பு இல்லை. பையூரெட் அதைப் புரதமாக எண்ணியிருக்காது. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தைத் திரளச் செய்து, திரண்டதையும் கரைசலில் எஞ்சியதையும் தனித்தனியே அளந்தால் இந்த ஏமாற்று வெளிப்பட்டுவிடும். தூய பாலிலும் மொத்த நைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு யூரியா முதலிய புரதமல்லாத பொருள்களிலிருந்து வருவதால், இந்த வேறுபாடு பால் ஆய்வாளர்களுக்குப் புதியதும் அன்று.

மருத்துவத்திலும் இதே கேள்வி எழுகிறது. 1827-இல் ரிச்சர்டு பிரைட், நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அது கலங்கித் திரள்வதைக் கொண்டு சிறுநீரக நோயை அடையாளம் கண்டார். இன்றைய சோதனைப் பட்டை, ஆல்புமின் என்ற ஒரு புரதம் நிறங்காட்டியின் நிறத்தை மாற்றுவதை அடிப்படையாகக் கொண்டது. சில இரத்தப் புற்றுநோய்களில் வெளியேறும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்த்தால் அதுவும் கலங்கும். பட்டை மாறவில்லை என்றால் ஆல்புமின் கணிசமாக இல்லை என்றே பொருள்.

ஆகவே வீட்டிலோ வகுப்பிலோ பொருள்களைச் சோதிப்பவர் முதலில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு குழாய்கள்: ஒன்றில் வெறும் நீர், மற்றொன்றில் நீர்த்த வெண்கரு. நீர்க் குழாய் வினைப்பொருளின் சொந்த நிறத்தைக் காட்டும்; வெண்கருக் குழாய் வினைப்பொருள் கெட்டுப்போகவில்லை என்பதைக் காட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணைக் கடுமையாகப் புண்படுத்தக்கூடியது என்பதால் காப்புக்கண்ணாடி அணிந்தே செய்ய வேண்டும். முடிவை எழுதும்போது, ‘புரதம் இல்லை’ என்பதற்குப் பதிலாக ‘வடிகட்டிய சாற்றில், பையூரெட் சோதனையில், ஊதா நிறம் தெரியவில்லை’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் அதுவே நடந்தது. நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். வெண்கருவை ஒவ்வொரு குழாயிலும் முந்தையதில் பாதிச் செறிவாக நீர்த்துக்கொண்டே வந்தால், ஏழாவது முறையில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே எஞ்சும். அந்த வரிசை முழுவதிலும் ஒரே அளவு வினைப்பொருளை விட்டு, எந்தக் குழாய்வரை ஊதாவை நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது என்று குறித்துக்கொண்ட பிறகு, உருளைக்கிழங்குச் சாறு இருக்கும் குழாயை அந்த வரிசையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.